காலிக் கட்டம்

சாம்த்ரெடியா சந்திப்பில் முப்பத்தொரு வருடம்
ரயில்களுக்கு நேரம் எழுதியவர் ஜெமால்.
இப்போது நாங்கள் போகவிருக்கும் வழிக்கும்
சமையல் மேசையில் அளவுகோல் வைத்துக்
கட்டம் போடுகிறார்.

மே 2016. சாம்த்ரெடியா, புறப்பாடு 4.50.
ஏன் ஐந்து இல்லை என்று நான் கேட்கவில்லை.
சிவப்புப் பாலத்தில் எல்லை, ஒரு மணி நேரம்,
அதன்கீழ் பொடி எழுத்தில்
வாக்குவாதத்துக்கு இருபது நிமிடம்.
யெவ்லாக்கில் தேநீர்.
அலாத் துறைமுகம்.
பிறகு ஒரு கட்டம் காலி.
பிறகு அக்தாவ், பெய்னெவ்,
ஒட்டகம் குறுக்கே வருமென்று கேள்விப்பட்ட நெடுங்கோடு,
கோட்டின் நுனியில் ஆரல்ஸ்க்.
ஆரல்ஸ்க் ஏன் என்றால்
வரைபடம் அங்கேதான் மடிந்திருந்தது.
கப்பல் எப்போது வருமென்று தெரியாத துறையில் காத்திருந்து
கடலே எழுந்து போய்விட்ட துறைக்குப் போகிறோம்.

காஸ்பியன் கப்பலுக்கு நேரம் கிடையாது.
சரக்குப் பெட்டிகள் நிறைந்தால் கிளம்பும்,
காற்று விட்டால் கிளம்பும்.
வண்டிக்கோ அந்த நாட்டில் மூன்று நாள்தான் அனுமதி.
நான்காம் நாள் விடிந்தால் அபராதம்.

காலை எட்டு மணிக்கு பாகுவுக்கு ஃபோன்.
சீட்டு அறையில் ரெய்ஹான் என்றொரு பெண்
ருஷ்யனில் சொல்வாள்: நாளைக்கு இருக்கலாம்.
மறுநாள் கேட்டால், அது நேற்றே போய்விட்டது.
அடுத்தது?
இருக்கலாம்.
இந்த 'இருக்கலாமை' எந்தக் கட்டத்தில் எழுதுவது
என்று பென்சிலைக் கடிக்கிறார் மனிதர்.
பதினோராம் நாள் அவளே கேட்டாளாம்,
உங்கள் மனைவிக்குப் பல்வலி தேவலையா என்று.
என் பல் எப்படி பாகு வரை போயிற்று?

பக்கத்து வீட்டு நூனு கேட்கிறாள்,
விமானம் எதற்கு இருக்கிறது?
வாஷிங் மெஷினை அதில் ஏற்றமாட்டார்கள் என்றேன்.
வாஷிங் மெஷினும் கிடையாது ஒன்றும் கிடையாது.
ஐம்பத்தொன்பது வயதில் லைசென்ஸ் வாங்கினேன்,
கத்தரிக்காய் வாங்கப் போய்வரவா?

ஜப்பானிலிருந்து பொத்தியில் வந்திறங்கிய பழைய டெலிகா.
ஸ்டியரிங் வலப்பக்கம்,
எங்கள் சாலையும் வலப்பக்கம்.
முன்னால் லாரி போனால்
ஓட்டுகிற எனக்கு அதன் முதுகு மட்டுமே தெரியும்.
எதிரே வருவதெல்லாம்
இடப்பக்கம் சும்மா உட்கார்ந்திருப்பவர் கண்ணில்.

ஞாயிறுதோறும் ரிகோத்தி மலைப்பாதையில் பழகினோம்.
'எண்பது சதவீதம் காலி' என்றார் ஒருமுறை.
'இந்த லாரிக்குப் பின் ஒன்று, அதற்குப் பின்' என்று
அவர் ஆரம்பிப்பதற்குள் வளைவு வந்துவிடும்.
சுராமியில் ஓரம்கட்டி
நஸூக்கி ரொட்டி விற்பவர்கள் பார்க்கப் பார்க்கக் கத்தினேன்:
போ என்று சொல்,
இல்லை, வேண்டாமென்று சொல்.
மூன்றாவதாக ஒரு சொல் வந்தால்
நீயே ஓட்டு.
அவருக்கு ஓட்டத் தெரியாது.
சூடான ரொட்டி ஒன்றை வாங்கிப் பிய்த்துப்
பெரிய பாதியை என் பக்கம் நீட்டினார்.

மூன்று நாளைக்கு ரொட்டி என்று அவர் கணக்கு.
ஒன்பது நாளைக்குக் கட்டினேன்.
பாலாடைக்கட்டி, வெங்காயம், வால்நட்,
துறைமுகத்தில் தூங்கக் கம்பளி,
ரெய்ஹானுக்கு ஒரு போத்தல் பிளம் சாறு
(பென்சிலால் அவரே சேர்த்தது).

நேற்றிரவு மூன்று மணி பத்து நிமிடத்துக்கு ஃபோன் அடித்தது.
முதன்முறையாக அவளாகவே.
காற்று விழுந்துவிட்டது, கிளம்புங்கள்.

ஜெமால் கடிகாரத்தைப் பார்த்தார்.
சட்டை மாட்டி, சப்பாத்து மாட்டி
மேசைமுன் உட்கார்ந்தார்.
4.50க்கு இன்னும் ஒரு மணி நாற்பது நிமிடம்.
நான் விளக்கை அணைத்துவிட்டு
வண்டியைக் கிளப்பினேன்.

சிறிது நேரத்தில் இடக்கதவு திறந்தது.
மடியில் அட்டவணை, அதன்மேல் போத்தல்.
தெருமுனையில் ஒரு நாய்கூட இல்லை.
ஆனாலும் கழுத்தை நீட்டி
இருட்டின் கடைசிவரை பார்த்துவிட்டு
சொன்னார்:
போ.