இரண்டாம் ஈடு

தடைக்காலத்தின் பதினேழாம் நாள்.
வலை பொத்தி, பொத்திய வலையையே
மறுபடி விரித்துப் பார்த்து அலுத்த மனுஷன்
அடுப்படிக்குள் வந்து
"விலகு" என்றார்.

படகில் அவர்தான் சமையல் என்று
தங்கச்சிமடமே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.
ஆறு பேர் தின்ற அந்தச் சோற்றில்
ஒரு பருக்கை
பதினாலு வருஷமாய் என் நாக்கில் பட்டதில்லை.

மைதா ஒரு கிலோ.
தண்ணீர் வேண்டாமாம்.
தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தார்
சுண்ணாம்பு தடவாத கலயத்துப் பதநீர்.
விடியும்போதுதான் அது பதநீர்.
பத்து மணிக்கு அதற்கு வேறு பெயர்,
பங்குச் சாமியார் காதில் விழ வேண்டாம்.

பிசைந்தார்.
நங்கூரக் கயிறு இழுக்கிற கை
மாவிடம் இப்படிப் பணிந்துபோகும் என்று
யாராவது சொல்லியிருந்தால்
சண்டைக்குப் போயிருப்பேன்.

ஈரத்துணி போர்த்தி
கச்சான் காற்று படாத மூலையில் வைத்த மாவை
ஜெனோவா கால்மணிக்கு ஒருதரம் எட்டிப் பார்த்தாள்.
"அப்பா, மூச்சு விடுது."

கருப்பட்டியை நான் உடைத்தேன்.
சாயல்குடிக் கருப்பட்டி,
உள்ளே ஓர் ஓலைத் துணுக்கு, ஓர் எறும்பு.
கரைத்து வடிகட்டித்
தேங்காயோடு கிண்டிச்
சுக்கைத் தட்டிப் போடும்போது
"ஏலக்காய்?" என்றார்.
"விக்கிற விலைக்கா?" என்றேன்.

உருட்டி, குழித்து, பூரணம் வைத்து மூடி
ஒவ்வொன்றையும் பூவரச இலையில் ஏற்றி
இட்லிக் கொப்பரைக்குள் இறக்கினார்
இடம் விட்டு இடம் விட்டு.
"உப்பினா ஒண்ணை ஒண்ணு இடிக்கும்,
துறையில கட்டுன படகு மாதிரி."

இருபது நிமிஷம்.
யாரும் மூடியைத் தொடக்கூடாது என்றார்.
ஏழாம் நிமிஷம்
அவரே தொட்டார்.

எட்டும்
எங்கள் கண்முன்னே
மெல்ல அமுங்கின.
ஜெனோவாதான் முதலில் சிரித்தாள்.
பிறகு மூன்று பேரும், அடுப்பை அணைக்கக்கூட மறந்து.

இரண்டாம் ஈட்டுக்கு
அம்மிக் குழவியைத் தூக்கி மூடிமேல் வைத்து
முக்காலியில் நான் உட்கார்ந்துகொண்டேன்.

"வெந்திருக்குமா?"
"இல்ல."
"இப்போ?"
"இல்ல."
"உனக்கு எப்படித் தெரியும்?"

புதன் போன படகு வியாழனும் வராத ராத்திரியில்
கதவைத் திறந்து திறந்து பார்த்தால்
உள்ளே இருப்பதெல்லாம் அமுங்கிப்போகும்.
அதை எந்த வருஷம் கற்றேன் என்று
அவரிடம் சொல்லவில்லை.
"வாசனை வரட்டும்" என்றேன்.

வந்தது,
சுக்கு முதலில்,
அதன் பின்னால் கருப்பட்டி.
குழவியை இறக்கி
மூடியின் வேர்வை உள்ளே சொட்டாமல்
ஒரே சாய்ப்பில் எடுத்தேன்.
வெள்ளை வெளேரென்று எட்டு.
அடியில் பூவரச நரம்பு அச்சுவிட்டிருந்தது.

அவர் அதைத் தொடவில்லை.
அமுங்கியதில் ஒன்றை எடுத்துப் பிட்டுத்
"பசை மாதிரி இருக்கு" என்றார்,
என்றபடியே இரண்டாவதையும் எடுத்தார்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மெசியா அக்கா:
"என்னடி அங்க, கள்ளு வாடை?"
"கொழுக்கட்டைத்தை!" என்று
உப்பியதில் இரண்டை ஏந்தி
ஜெனோவா ஓடினாள்.

இன்னும் நாற்பத்துநாலு நாள்.
மைதா அரைக் கிலோ மீதியிருக்கிறது.