வாடகைப் பலகை

ஐப்பசி பிறக்குமுன்
பலகையெல்லாம் யார்டுக்கு வந்துவிட வேண்டும் என்று
மேஸ்திரிகளுக்குச் சொல்லிவைப்பேன்.
பாதி வரும்.
மீதி மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியிலும்
செம்மண்டலத்தில் ஒரு கல்யாண மண்டபத்திலும்
இன்னும் மூன்று நாள், இன்னும் மூன்று நாள் என்று
சாரத்திலேயே கிடக்கும்.

வருவதும் போனபடி வராது.
முதுகில் சிமெண்டு, விளிம்பில் எனாமல்,
ஒருமுறை வெற்றிலைச் சாறு,
ஒருமுறை யாரோ கூலிக்கணக்குப் பார்த்த பென்சில் எழுத்து:
அட்வான்ஸ் போக 4700,
அதன்கீழே ஒரு கோடு,
கோட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை.

நானும் இருசப்பனும் சுரண்டுகிறோம்.
பென்சிலை மட்டும் விட்டுவிட்டோம்.
கழுவுவதில்லை.
குடித்த தண்ணீரைத் திருப்பித் தர
மரத்துக்கு மனசு வராது.

கடலூர் முதுநகரில் காற்றே பாதித் தண்ணீர்,
மீதி உப்பு.
துறைமுகத்துப் பக்கம் காயப்போட்ட சட்டை
சாயந்திரம் இன்னும் கொஞ்சம் நனைந்துதான் இறங்கும்.
இங்கே ஒன்பதடிப் பலகை இருநூற்றுப் பன்னிரண்டை
மார்கழி முடியக் காப்பாற்றிக் கொடு என்றால்
அந்தோணியாரே கொஞ்சம் யோசிப்பார்.

முதல் வருஷம் தரையிலேயே அடுக்கினேன்,
இடைவெளி இல்லாமல், சீட்டுக்கட்டு மாதிரி.
அழகாகத்தான் இருந்தது.
மேலே பழைய மஞ்சள் நீராட்டு விழா பேனர்,
நாலு பக்கமும் இழுத்துக் கட்டி,
சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது என்று
எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.
போகவில்லை.
உள்ளே இருந்தது வெளியே வரவும் இல்லை.
தையில் அவிழ்த்தால்
பேனரின் அடிப்பக்கம் வேர்த்துக் கிடக்கிறது,
பலகையில் பச்சையும் கறுப்பும்,
நனைந்த தலையணை நாற்றம்,
நடுவில் ஒரு காளான்,
வாடகை பாக்கியில்லாத குடித்தனக்காரன் போல.
அறுபத்து மூன்று பலகை போயிற்று.
கடன்தான் பூசணம் பிடிக்காமல் அப்படியே இருந்தது.

இப்போது கீழே சாலிட் பிளாக், இரண்டு உயரம்.
அந்த இடுக்கில் நாய் படுக்கலாம். படுக்கிறது.
பலகைக்கும் பலகைக்கும் நடுவே ரீப்பர்த் துண்டு,
கீழ்த்துண்டுக்கு நேர்மேலே மேல்துண்டு.
நாலு விரல் விலகினால் பலகை வில்லாகும்.
தார்ப்பாய் தலைக்கு மட்டும்.
பக்கமெல்லாம் திறப்பு.
"சாரல் அடிக்குமே, செசிலியாக்கா."
அடிக்கட்டும். அடித்தது காயும்.
அடைத்து வைத்ததுதான் அழுகும் என்றேன்.
வீட்டில் பதினோரு நாளாகப் பேச்சில்லாத இருசப்பன்
தன்னைச் சொன்னதாய் எடுத்துக்கொண்டு
அந்தப் பக்கம் திரும்பி ரீப்பரை நகர்த்தினான்.

மழை விட்டதும் ஒவ்வொன்றாய் இறக்கி
கொத்துக்கரண்டிக் காம்பால் தட்டிப் பார்ப்பேன்.
நல்லது டங் என்னும். கெட்டது தொப் என்னும்.
நாற்பத்தொன்று இரண்டுக்கும் நடுவே என்னவோ சொன்னது.
கண்ணுக்குப் பழுதில்லை.
முனையிலிருந்து மூன்றடியில் ஆணியை வைத்து அழுத்தினேன்,
டீயில் ஊறின ரஸ்க்கில் போவதுபோல் போயிற்று.

அந்நேரம் பார்த்துத்தானா வர வேண்டும்
காண்ட்ராக்டர் குலோத்துங்கன்.
மூன்றாம் மாடி, வெளிப்பூச்சு, இருபது பலகை.
கைவசம் பத்தொன்பது.
"அதையும் போடும்மா. ஒருநாள் வேலை.
ஓரமாப் போட்டுக்கறேன்."

மூன்றாம் மாடியில் எது நடு, எது ஓரம்?

ரம்பம் எடுத்து வரச் சொன்னேன்.
ஒதுக்கி வைத்தால் போதாது.
ஒதுக்கியது திரும்பி வரும்.
ஒரு நாள் எனக்கே பணமுடை வரும்,
நானே தூக்கிக் கொடுப்பேன்.
அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறுத்தோம்.
"இருபதையும் பாண்டியிலே எடுத்துக்கறேன்" என்று
வண்டியை உதைத்தார்.

மரத்தூள் ஈரமாகவே விழுந்தது.
பலகை இரண்டாகி உருண்டபோதுதான் பார்த்தேன்:
ஒரு துண்டில் அட்வான்ஸ் போக,
மற்றதில் 4700.