இடது கை

கருப்புத் தட்டின்மேல் இடது கையை விரிக்கச் சொன்னார் ஹஸ்லினா.
மருதாணிக்குக் காத்திருப்பவள்போல வைத்தாள் தாமிரா.
ஒரு நொடி. வலிக்கவே இல்லை என்றாள்.

திரையில் அவள் எலும்புகள்.
மணிக்கட்டருகே உருண்டைக் கூழாங்கற்கள்,
விரல் நுனிகளில் இன்னும் மூடாத இடைவெளி.
டாக்டர் குவெக் வேறொரு கையின் படத்தைப்
பக்கத்தில் நகர்த்திவைத்து,
"பிறப்புச் சான்றிதழுக்கு எட்டு வயது.
இந்தக் கைக்குப் பத்தரை" என்றார்.

தாமிரா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"அப்போ வலது கைக்கு?"
அதை யாரும் படமெடுக்கவில்லை.

நான் காரணம் கேட்டே பழகியவன்.
பீஷான் பணிமனையில் இரவு வேலை.
ரயில் பிந்தினால் காரணம் எழுதுவோம்,
முந்தினாலும் எழுதுவோம்.
எந்த இணைப்பு, எந்த சென்சார், எத்தனை மணிக்கு;
கட்டத்துக்குள் ஒரு சொல் போதும்.

குவெக்கிடம் அப்படிக் கட்டம் ஏதும் இல்லை.
எடை கொஞ்சம் கூடுதல், என்றார். தூக்கம் குறைவு.
அம்மாவுக்கு எப்போது? சுபாஷிணி பன்னிரண்டு என்றாள்,
தரையைப் பார்த்து, குற்றத்தை ஒப்புக்கொள்பவள்போல.
பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம், நிரூபணம் அரைகுறை.
வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்தக் கிருமிக் காலத்துக்குப் பிறகு
இப்படி வரும் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள்.
பத்தாண்டுக்குச் சில மாதம் என்று
எங்கெங்கோ முன்னால் நகர்ந்தபடியே இருக்கிறது.
"ஒன்றை மட்டும் கைகாட்ட முடியாது, மிஸ்டர் செழியன்."

குடும்பக் குழுவில் எல்லோரும் கைகாட்டினார்கள்.
ஈசூன் அத்தை: கோழிக்கறி, ஊசி போட்ட கோழி.
ஜோகூர் சித்தப்பா: சோயாபால்.
யாரோ: ஐபேட்.
ஒருத்தி மட்டும், மஞ்சள் பூப் படத்தோடு,
மண்டபம் எப்போது பார்க்கப்போகிறீர்கள் என்றாள்.
சுபா குழுவை மௌனமாக்கினாள்.

இரவு, திருத்தவேண்டிய கட்டுரைகளுக்கு நடுவில் சொன்னாள்:
"ஏழு வரை பேதை, பதினொன்று வரை பெதும்பை,
அப்புறம்தான் மங்கை.
தொடக்கக் கல்லூரியில் மனப்பாடம் செய்தேன்.
உலா வருகிற அரசனைப் பார்க்க
வயது பிரித்து வரிசையாக நிற்கவைத்தார்கள்.
அந்தப் பிள்ளைகளின் எலும்பை எவன் பார்த்தான்?"
சிவப்புப் பேனாவை மூடினாள். திரும்பத் திறந்தாள்.

மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி; நிறுத்திவைக்கலாமாம்.
அது எனக்குப் புரிந்த பாஷை:
முன்னால் பாதை காலியாகும்வரை
நடைமேடையில் கதவைத் திறந்தே வைத்திருப்பது.
போடுவதா என்று இன்னும் முடிவாகவில்லை.

அதுவரைக்கும், ஃபேர்பிரைஸில் சோப்புத்தூளுக்கு எதிர் அடுக்கில்
இறக்கை உள்ளது, இறக்கை இல்லாதது என்று
பொட்டலங்களைப் படித்துக்கொண்டு நின்றேன்.
இருப்பதிலேயே சின்னது எது என்று கேட்டதற்கு
கடைப்பெண் என் கூடையிலிருந்த
டைனோசர் பிஸ்கட்டைப் பார்த்தாள்,
எடுத்துக் கொடுத்தாள், ஒன்றும் பேசவில்லை.

பள்ளிப்பையின் உள்ளறையில் அதை வைத்துவிட்டு
சுபா எல்லாவற்றையும் சொன்னாள்.
நான் கழுவிய தட்டையே கழுவிக்கொண்டிருந்தேன்.
கதவுக்கு அப்பால் ரொம்ப நேரம் சத்தமில்லை. பிறகு:
"கேட்ச்சிங் விளையாடலாம்தானே?"

நேற்று அவளுக்குப் பல் விழுந்தது.
மேல்வரிசையில், முன்பல்லுக்கு அடுத்தது.
டிஷ்யூவில் சுற்றிக் கொண்டுவந்தாள்.
கூரைமேல எறியணுமாம்ப்பா,
பஸ்ஸில் பக்கத்து சீட் பிரணிதா சொன்னாளாம்.
நாங்கள் பதினோராவது மாடி.
எங்கள் கூரை இன்னொருவர் வீட்டுத் தரை.
ஜன்னல் வழி எறிந்தால் அபராதம்.

விடியற்காலை மூன்றே முக்கால்.
குளிரூட்டியைச் சோதிக்க ஏறிய மேடையிலிருந்து
நான்காம் பெட்டியின் கூரைமேல் அதை வைத்தேன்.
சோற்றுப் பருக்கை அளவு.
பத்தரை வயதுக் கைக்காரியின்
பால்பல்.

அந்த ரயில் கிளம்பியபோது
பதினாறு நொடி தாமதம்.
காரணக் கட்டத்தை நிரப்பவில்லை.
சூப்பர்வைசர் இன்னும் கேட்கவில்லை.