சாய்வு

என்னிடம் பதினேழு மைப்பேனைகள்.
எழுதுவதென்னவோ வங்கியில் தந்த
குமிழ்முனையால்.

மற்றதெல்லாம் லாச்சிக்குள்,
பழைய மூக்குக்கண்ணாடிக் கூடுகளில்
இரண்டிரண்டாய்ப் படுத்திருக்கின்றன.
எப்போதாவது ஒரு போயா நாளில் எடுத்துக் கழுவுவேன்.
கிணற்றுத் தண்ணீர் ஆகாது.
கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிகிற சுண்ணாம்பு
நிப்பின் கீறலுக்குள்ளும் படியும்.
பற்றறிக்கு ஊற்றுகிற தண்ணீர்தான் சரி.
"அக்காட்டைக் கார் நிக்குதோ?"
கடைப் பெடியன் கேட்டான்.
ஓம் என்றேன்.
பேனைக்கு என்று சொல்ல வெட்கமாயிருந்தது.

பச்சை பைலட், முதற் சம்பளத்தில் வாங்கியது.
கறுப்பு பார்க்கர், மச்சாள் ரொறன்ரோவிலிருந்து அனுப்பியது,
இன்னும் பெட்டியை விட்டு இறங்கவில்லை.
ஒரு ஹீரோவின் பின்பக்கத்தில் பல் பதிந்த அடையாளம்.
என் பல் இல்லை.

பதினேழாவது
சுன்னாகத்தில் பழைய இரும்பு நிறுக்கிற இடத்தில்
பிணைச்சல்களோடு ஒரு ரின்னுக்குள் கிடந்தது.
நூற்றைம்பது ரூபாய்.
மூடியில் வெட்டியிருந்தது: பொ. தவநாயகம்.

அது எனக்கு எழுதாது.
நிப் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது,
யாரோ ஒருவர் வருடக்கணக்காய்
ஒரே சாய்வில் எழுதியிருக்கிறார்.
பேனையைக் கொஞ்சம் உருட்டி
மணிக்கட்டை எனக்கில்லாத ஒரு கோணத்தில் வைத்தால்
இரண்டு எழுத்து வழுக்கிக்கொண்டு வரும்.
பிறகு என் கை
என் கையாகிவிடும்.
கீறும்.

பத்தாம் திகதி. ஓய்வூதியக்காரரின் நாள்.
கண்ணாடிக்குக் கீழால் வந்த படிவத்தில்
பொ. தவநாயகம்.
நிமிர்ந்தேன்.
கட்டம் போட்ட சேர்ட். கால்சட்டையில்
கழற்ற மறந்த சைக்கிள் கிளிப்.

"கையொப்பம் பொருந்தேல்லை, ஐயா."
"பொருந்தாது பிள்ளை. அது முந்தின கை."

திரையில் இருந்தது முந்தின கை:
தெற்கத்திக் காற்றில் நெல்லுச் சாய்ந்த மாதிரி
எல்லா எழுத்தும் ஒரே பக்கம்,
கடைசி மகரத்தின் புள்ளி மட்டும்
எங்கேயோ மேலே பறந்துபோய்.
எனக்குத் தெரிந்த சாய்வு.
மூன்று வருடமாய் என் மணிக்கட்டுக்குப் பிடிபடாத சாய்வு.

மாதிரி அட்டையை நீட்டினேன்.
இடது கையால் மூன்று தரம் வைத்தார்,
நாக்கு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு,
ஒவ்வொரு எழுத்தாய், நிமிர்த்தி.
கவுண்டர்ப் பேனையின் நூல் வலப்பக்கம் கட்டியது,
எட்டவில்லை.
அட்டையை நூலுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.
வலது கை மேசைக்கு மேலே வரவேயில்லை.

பழைய கையொப்பத்தை நீக்கவா என்று கணினி கேட்டது.
அது எல்லாரிடமும் கேட்பதுதான்.
'ஓம்' என்பதை அழுத்துவதற்கு
எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.
பின்னால் வரிசையில் ஒருவர் செருமினார்.
அழுத்தினேன்.

அடுத்த பத்தாம் திகதி
பதினேழாவதைக் கைப்பையில் கொண்டுபோனேன்,
மை நிரப்பி. அது என் பிழை.
யாழ்ப்பாணத்துப் பங்குனி வெயிலில் மை
தன்பாட்டில் வெளிக்கிட்டு
சாப்பாட்டுப் பெட்டி கட்டிய துணியை நீலமாக்கியிருந்தது.

அவர் வந்தார். வைத்தார்.
அரை நிமிடத்தில் பொருந்தியது.
காசை எண்ணிக்கொண்டிருக்கையில் கேட்டேன்,
"ஐயா, முந்தி பேனையாலயோ எழுதுறனீங்கள்?"
நூலில் தொங்கியதைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.
"ஏன் பிள்ளை, இப்பவும் பேனையாலதான்."

என்ன சொல்ல?
நீங்கள் துலைத்த ஒன்று என்னிடம் இருக்கிறது,
அது உங்களுக்கும் இனி எழுதாது என்றா?
கைப்பை காலுக்கடியில் இருந்தது.
அடுத்த இலக்கத்துக்கு மணி அடித்தது.

மத்தியானம் கவுண்டர் பூட்டின பிறகு
கத்தரிக்கோல் எடுத்து
நூலை வெட்டினேன்.
இன்னொரு முழம் சேர்த்து
நடுவில் கட்டினேன்.
நீல விரல்களால் போட்ட முடிச்சு.
வெள்ளை நூல்.