இருபத்தொன்பதாம் நாள்

கோப்பு என் மேசைக்கு வந்து இருபத்தெட்டு நாள்.
முப்பதுக்குள் நான் வாய் திறக்காவிட்டால்
ஒப்புக்கொண்டதாகவே பொருள் என்கிறது விதி.
பெண் பார்க்கும் வீட்டில் மட்டுமல்ல
கரியிலும் மௌனம் சம்மதம்.

நூற்றுப் பன்னிரண்டு பக்கம். கெட்டி அட்டை.
நிலத்தடிப் பணிகளுக்கான பாதுகாப்புத் திட்டம்.
பத்தொன்பதாம் பக்கத்தில்
பின்வாங்கிக்கொண்டே கூரைத்தூண் பிடுங்கும் முறை வந்தது.
அத்திப்பட்டில் ஏது சுரங்கம்?
கப்பலில் வந்து குவியும் கரிமலைக்கு அடியில்
பெல்ட் ஓடும் ஒரு பாதை, அவ்வளவுதான்.
நாற்பத்திரண்டாம் பக்கத்தில்
அருகிலுள்ள மருத்துவமனை தன்பாத்.
வெள்ளத்துக்குக் கவனிக்க வேண்டிய ஆறு தாமோதர்.
எவரோ எங்கோ தோண்டிய குழிக்கு எழுதியதைக்
கொசஸ்தலைக் கரையில் இறக்கியிருக்கிறார்கள்,
ஏழு இடத்தில் பேரைக்கூட மாற்றாமல்.

மறுநாள் காலை கும்மிடிப்பூண்டி வண்டி.
எண்ணூர் தாண்டியதும்
ஜன்னலோரப் பெண் பூக்கூடையை முந்தானையால் மூடினாள்.
மல்லிகைக்கும் சாம்பல் ஆகாது.

மேலாளர் ஹரிகோவிந்தன் இளநீரோடு நின்றார்.
"கீழ ஒரே தூசு மேடம்.
வரைபடத்தைத் திரையிலேயே போட்டுக் காட்டிடறேன்."
திரையில் எல்லாம் வெளிச்சமாகத்தான் இருக்கும்.

அறுபத்தெட்டுப் படி.
மூன்று விளக்குக்கு ஒன்று எரிந்தது.
நச்சுவாயு காட்டும் கருவி, திட்டப்படி எட்டு.
கண்டது இரண்டு. அதில் ஒன்றுக்கு
புழுதி படாமலிருக்க பாலிதீன் பை கட்டியிருந்தார்கள்.
அதற்கு மட்டும் நல்ல பாதுகாப்பு.

இரண்டாம் வெளிவழி, வரைபடத்தில் புள்ளிக்கோடு.
புள்ளிகள் போன பக்கமே போனேன்.
தோள் உயரத்துக்குச் சிந்திக் கிடந்தது கரி.
டார்ச்சைத் தூக்கினால்
துருப்பிடித்த கதவின் மேல்மூலை, உள்ளங்கை அளவு.
பெல்ட்டுக்கு அடியில் குனிந்து வாரிக்கொண்டிருந்த ஏகவள்ளி
நிமிராமலே சொன்னாள்:
"அந்தாண்ட கதவு கீதுன்னு
நீ சொல்லித்தான் மேடம் தெரியுது."

உள்ளே எத்தனை பேர் என்று எப்படித் தெரியும்?
திட்டத்தில் மின்னணு அட்டை, எச்சரிக்கை மணி,
கட்டுப்பாட்டு அறையில் பச்சைப் புள்ளிகள்.
ஏகவள்ளி படிவாசலைக் காட்டினாள்.
செருப்புகள்.
பூட்ஸ் பொதுவானது, வாசலிலே மாட்டிக்கொண்டு இறங்குவார்கள்.
செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே.
ஷிப்ட் முடிந்தும் கிடந்தால் கூப்பிடுவார்கள்.
கூப்பிட்டும் வராவிட்டால் இறங்குவார்கள்.
இதற்கு அட்டை போட்ட புத்தகம் இல்லை.

இரண்டு மணிக்கு மேலே வந்தார்கள்.
முகம் ஒரே நிறம், யார் யாரென்று பல்லை வைத்துத்தான்.
எண்ணினேன். எட்டுப் பேர்.
ஒவ்வொருவராகக் காலை நுழைத்துக்கொண்டு போனார்கள்.
ஒன்பதாவது ஜோடி அப்படியே கிடந்தது.
நீல வார். இடது குதிகாலில் ஊக்கு.
அதைத் தாண்டித்தான் நடந்தார்கள், ஒருவரும் மிதிக்காமல்.

"யாருது?"
ஹரிகோவிந்தன் கைக்கடிகாரம் பார்த்தார்.
"டில்லிபாபுது," என்றாள் ஏகவள்ளி.
"போன மழைக்கு இறங்கினது."
"அவர் காண்ட்ராக்ட் ஆளு மேடம்," என்றார் இவர்.
"நம்ம பதிவேட்டுல வரமாட்டார்."
விபத்துப் பதிவேட்டைக் கேட்டேன். சுத்தமாக இருந்தது.
மாதா மாதம் ஒரே கையெழுத்து: இல்லை. இல்லை. இல்லை.

திரும்பும் வண்டியில் கைக்குட்டை கறுத்தது.
கொருக்குப்பேட்டையில் சிக்னல் விழாமல் நின்றோம்.
துணை இயக்குநர் அழைத்தார்:
"நாளைக்கு முப்பது. என்ன பண்ணப் போற?
நிராகரிச்சா மேல போவாங்க. ஒரே வாரத்துல மாத்திடுவாங்க."
தெரியும்.
ஆனால் விதியில் இன்னொரு வரி இருக்கிறது.
அதிகாரி விளக்கம் கோரினால்
பதில் வரும்வரை நாள்கள் எண்ணப்படா.

மடிமேல் கோப்பு, எழுத்து கோணலாய் வந்தது.

ஒன்று: தாமோதர் ஆறு எண்ணூரிலிருந்து எத்தனை கிலோமீட்டர்?
இரண்டு: பக்கம் முப்பத்தொன்று.
அந்தப் புள்ளிகளுக்கு இடையில் ஓர் ஆள் நுழைய முடியுமா?
மூன்று: நீல வார், இடது குதிகாலில் ஊக்கு.
மேற்படி செருப்புக்குரியவர்
வெளியே வந்த நேரம்.

வண்டி நகரவில்லை.
நகரட்டும் மெதுவாக என்றிருந்தது.