ஆறு இலக்கம்

ராயக்கோட்டை ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரி.
மூன்றாம் கவுன்டர் என்னுடையது.
"இனி ரிப்போர்ட் காகிதத்துல இல்லீங்க,
வீட்ல இருந்தே போன்ல பாத்துக்கலாம்."
நாளைக்கு எண்பது தடவை.
தூக்கத்தில்கூடச் சொல்கிறேனாம்.

ஆறு இலக்கம் வரும், சொல்லுங்க.

தீர்த்தம்மா சொல்ல மாட்டார்.
தை மாதம் பேங்கிலிருந்து என்று ஒருவன்
இதே ஆறைத்தான் கேட்டான்.
கறவை மாட்டுக்கு வந்த கடன் பணம்
மாடு வாங்கும் முன்பே போய்விட்டது.
தவணை மட்டும் இருக்கிறது.
இப்போது நான் கேட்கிறேன்,
அவனைப் போலவே மரியாதையாக,
அவனைப் போலவே "அம்மா" போட்டு.

திம்மராயனுக்கு அஞ்செட்டிக்கு மேலே ஊர்.
பாறை உச்சியில் மட்டும் டவர் கிடைக்கும்.
முட்டி ரிப்போர்ட்டைப் பார்க்க
அந்த முட்டியை வைத்தே ஏற வேண்டும்.
"ஏறிட்டா அப்புறம் எதுக்குங்க ரிப்போர்ட்டு?"
என்னிடம் பதில் இல்லை.

புளி உடைக்கிற வெங்கட்டம்மாவின் விரலைத்
திரை உணரவில்லை.
முந்தானையில் துடைத்துத் தொட்டாள்,
எச்சில் வைத்துத் தொட்டாள்,
கடைசியில் மூக்கு நுனியால் தொட்டுவிட்டு
வரிசையே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள்.
திறந்தது.
ஆனால் ஆதாரில் வெங்கட்டம்மா,
எங்களிடம் வெங்கட்டம்மாள்.
மெஷினுக்கு அவள் இரண்டு பேர்.
ஒரு "ள்"ளுக்கு அந்தப் பக்கம் அவள் சர்க்கரை,
இந்தப் பக்கம் அவள் மாத்திரை.

ஓசூர் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் மட்டும்
தினமும் திறக்கிறார்.
கொழுப்பைப் பரீட்சை மார்க் போலப் பார்க்கிறார்.
டாக்டரிடம் வந்து எட்டு மாதம் ஆகிறது.

சென்னையிலிருந்து படிவம் வந்தது:
நோயாளிகள் ஏன் உள்ளே வருவதில்லை?
வயது, படிப்பு, இணைய வசதி, ஆர்வமின்மை,
ஏதேனும் ஒன்றை டிக் செய்க.
கட்டம் கடுகளவு இருந்தது.
அஞ்செட்டிப் பாறை அதற்குள் நுழையாது.

முனிலட்சுமி வந்தது அன்றைக்குத்தான்.
காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஃபேக்டரி,
நகக்கண்ணெல்லாம் மஞ்சள்.
"வீட்டுக்காரர் நம்பர்?"
"அது வேணாம்."
"உங்களது?"
"வீட்டுக்கே ஒரு போன்தான்."
"அக்கா, தங்கச்சி?"
கண்ணாடித் தடுப்பின் அரைவட்ட ஓட்டைக்குக் குனிந்து
என்னைப் பார்த்தாள்.
"உங்க நம்பரப் போடுங்க."

விதி இருக்கிறது.
சுவரில் ஒட்டியிருக்கிறது, நான்தான் ஒட்டினேன்.
போட்டேன்.

வியாழன் இரவு பத்தே முக்காலுக்கு
சமையல் மேடையில் என் போன் சிணுங்கியது.
"யாரு இந்நேரத்துல?"
ஆஸ்பத்திரி.
"உனக்கென்ன உடம்புக்கு?"
எனக்கில்லை.
"அப்ப யாருக்கு?"
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
நான் இட்லித் தட்டுகளைக் கழுவி முடிக்கும் வரை
என் வீட்டுக்காரர்
அதன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடவுச்சொல் நான் வைத்துக் கொடுத்ததுதான்.
திறக்கவில்லை.
மூன்று நாள் என் கைப்பையில்
டப்பாச் சோற்றோடு, பஸ் சில்லறையோடு,
அவளுடைய கர்ப்பப்பை போய் வந்தது.

திங்கள் காலை
இரவு ஷிஃப்ட் முடித்த கையோடு வந்தாள்.
ஓட்டை வழியாகப் போனை நீட்டினேன்.
வாங்கினாள், பார்த்தாள், திருப்பித் தந்தாள்.
முழுக்க இங்கிலீஷ்.
"நீங்களே படிங்க. சத்தமா வேணாம்."

டோக்கன் நாற்பத்தேழு பின்னால் இருமினார்.
நாற்காலியைத் தடுப்பு வரை இழுத்துக்கொண்டேன்.
முதல் வரியில் அவள் பெயர்,
எழுத்துப் பிசகில்லாமல்.
அங்கிருந்து ஆரம்பித்தேன்.