எச்சம்

ஹீயுமா தீவின் வடகரையில்,
ஆறு படகுகள் மட்டுமே அணையும் துறைமுகத்தில்,
பனிக்கொம்பு ஒன்று உண்டு.
கடற்புறா அதன் உதட்டில் உட்கார்ந்து
வெள்ளை வெள்ளையாய் எச்சமிட்டுப் போகும்.
மூடுபனி இறங்கினால் கால்யு எழுந்து
பொத்தானை அழுத்துவார்.
நிமிடத்துக்கு ஒருமுறை, கையால், ஒன்பது வருடமாய்.
"தானாய் ஊதவேண்டியது. நிரல் இருக்கிறதாம்.
ஊதாது" என்பார்,
வேறு யாருடைய முழங்கால் வலியையோ சொல்வதுபோல.

கெர்து புதிதாய் வந்தவள்.
தாலின்னில் வங்கி வேலையை விட்டுவிட்டு
ஒரு நாயோடும் இரண்டு பெட்டியோடும் கப்பலேறியவள்.
முதல் வாரமே பில்டு கோப்பைத் திறந்தாள்.
மூலக் கோப்புகள் நாற்பத்தொன்று.
இயங்குநிரல் என்று அறிவித்தவை மூன்றே:
அலைமட்டம், விளக்கு, நாட்குறிப்பு.
ஆளுக்கொரு வரி.
தன் பெயர் என்ன, எந்தக் கோப்புகளால் ஆனது,
யாரோடு இணைய வேண்டும்.
பனிக்கும் ஒரு வரி இருந்தது.
அது தன்னை நூலகம் என்றது.

இங்கே கொஞ்சம் நம் இலக்கணம் வேண்டியிருக்கிறது.
நூலகம், வினையெச்சம்.
கண்டு, அளந்து, ஒப்பிட்டு, மூச்சை இழுத்து...
அப்புறம்?
அப்புறத்தை வேறு யாராவது சொல்லவேண்டும்.
இயங்குநிரல், வினைமுற்று.
ஊதியது. புள்ளி.

உர்வே எழுதிவைத்த பனி
இரவுதோறும் பிழையில்லாமல் தொகுக்கப்பட்டது.
திரையில் பச்சை. ஓர் எச்சரிக்கைகூட இல்லை.
கண்டு, அளந்து, ஒப்பிட்டு,
வட்டின் மூலையில் ஒரு கோப்பாய்ச் சுருண்டுகொண்டது.
யாரும் கூப்பிடவில்லை.
கூப்பிடாதவரை
அது தப்பு செய்ய வழியே இல்லை.

கெர்து முதலில் அவசரப்பட்டாள்.
நூலகம் என்றதை அடித்துவிட்டு
இயங்குநிரல் என்று எழுதினாள்.
இணைப்பி ஏற்கவில்லை.
மெயின் எங்கே? எதில் தொடங்குவது?
பெயர்ப்பலகை மாட்டினால்
சுவரில் வாசல் திறந்துவிடுமா.

கோப்பின் கடைசி வரிக்கு இறங்கிப் பார்த்தாள்.
ஒரு குறிப்பு, நவம்பர் பதினான்கு:
"நாளை மெயின் எழுதுகிறேன். உ."

எஸ்தோனிய மொழிக்கு வேற்றுமை பதினான்கு,
நமக்கிருப்பதைவிட ஆறு அதிகம்.
எதிர்காலத்துக்கு மட்டும் விகுதி கிடையாது.
நாளையையும் நிகழ்காலத்தில்தான் சொல்லியாக வேண்டும்.
அதனால் உர்வே
ஒன்பது வருடமாய் எழுதிக்கொண்டே இருக்கிறாள்.

தொலைபேசியில் அவளைப் பிடித்தபோது
தூர்க்குவில் எங்கோ வரிசையில் நின்றிருந்தாள்.
"பதினான்கா? மறுநாள்தான் பையன் பிறந்தான்,
மூன்று வாரம் முந்தி.
அவனுக்குப் பெயர் வைக்கவே எங்களுக்கு மாதம் ஒன்றாச்சு.
ஏன், அது ஊதவில்லையா?"

கெர்து நூலகத்தை நூலகமாகவே திருப்பி வைத்தாள்.
பக்கத்தில் புதுக் கோப்பு, ஒன்பது வரியில் ஒரு மெயின்.
பில்டில் புது அறிவிப்பு,
பனியோடு இணைக்கச் சொல்லி இன்னொரு வரி.
பெயர் கேட்கும் இடத்தில் சற்று நின்றாள்.
கால்யு என்று தட்டினாள்.
அந்த மொழியில் அதற்குப் பாறை என்று பொருள்,
சாக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

வியாழன் இரவு மூன்று பத்துக்குப் பனி இறங்கியது.
பெரியவர் ஒரு கையில் காப்பியோடு
மறுகையைப் பொத்தானுக்கு நீட்டும்போதே
கொம்பு ஊதியது.
நீட்டிய கை நீட்டியபடி.
திரையில் ஒரு வரி:
கால்யு, ஓடிக்கொண்டிருக்கிறது.
"நான் உட்கார்ந்துதானே இருக்கிறேன்" என்றார்,
அறையில் யாரும் இல்லை.
அரை நிமிடம் பொறுத்து
தானும் ஒருமுறை அழுத்தினார்.

பதிவேட்டில் இப்படி இருக்கிறது:
03:10 ஊதியது.
03:10 ஊதியது.
வெளியே கடற்புறா திடுக்கிட்டு எழுந்து,
பனிக்குள் ஒரு சுற்றுச் சுற்றி,